கரெண்டக்காவின் மாப்பிள்ளைகள்

கரெண்டக்காவுக்கு மனிதர்களைவிட அவர்களுடைய தசைகளிடம்தான் மரியாதை அதிகம். நான் உள்ளே நுழைந்தால் "வாங்க" என்று ஒரு தடவை சொல்வார். கட்டிலில் ஏறிக் காலை நீட்டியதும் என் தொடையைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று இரண்டு தடவை சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். தொடை என்னுடையதுதானே, அதைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தானே.

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால் அவருடைய பிசியோதெரபி அறை. வாசல் போர்டில் பெயரும் பட்டமும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கரெண்ட் வைக்கிற அக்கா என்பது தேய்ந்து கரெண்டக்கா ஆகிவிட்டது. ஊர் பெரம்பலூர். தினமும் காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போவார். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. சாய்ந்து சாய்ந்து நடப்பார். அதை அவர் மறைத்ததும் இல்லை, தானாகப் பேச்சில் எடுத்ததும் இல்லை.

முதல் நாள் அந்த அறைக்குப் போகும் சந்தில் அவர் முன்னால் போக நான் பின்னால் போனேன். எனக்கும் இடது கால்தான். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிர்ந்ததைப் பார்த்த பாத்திரக் கடைப் பையன், இந்த அக்கா சொந்தக்காரரை அழைத்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டீ சொல்லிவிட்டான்.

என் காலின் கதை இதுதான். நான் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவன், அப்போது கான்டிராக்டில். எங்கள் ஊர் கபடி டீமில் இடது கார்னர். ஓடுவது, பாடிப் போவது எல்லாம் மற்றவர்கள் வேலை. ஓரத்தில் குனிந்து நின்று வருகிறவனின் கணுக்காலைப் பிடித்துத் தொங்குவது என் வேலை. சோம்பேறிக்கென்றே யாரோ யோசித்து வைத்த இடம் அது. அந்தச் சித்திரைத் திருவிழாப் போட்டியில் ஒருவனைப் பிடித்துத் தொங்கினேன், அவன் என் முட்டியையும் சேர்த்துக்கொண்டு விழுந்தான். ஜவ்வு கிழிந்தது. திருச்சியில் ஆபரேஷன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் தொடை தூங்கிவிட்டது. காலை நீட்டி முட்டியை இறுக்கு என்றால் என் முகம் இறுகும், கை இறுகும், பக்கத்தில் நிற்கும் மனைவியின் பல்கூட இறுகும். தொடை மட்டும் ஈரத்துணி போலக் கிடக்கும். கிளட்ச் மிதிக்கிற கால் அது. போதாததற்கு, வரும் பங்குனியில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் கபடி டீமுக்கு செலக்‌ஷன் என்று பேச்சு. டீமில் எடுத்தால் வேலை நிரந்தரம். கார்னர் ஆளைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முட்டியை மட்டுமே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அதனால் கைக்கு வந்ததையெல்லாம் அந்த முட்டிக்குச் செய்தேன். முதல் நாள் நான் போனபோது காலில் வேப்பெண்ணெய், அதன்மேல் சூடம் கலந்த நல்லெண்ணெய், அதற்கும் மேல் மாரியம்மன் விபூதி. அக்கா கரெண்ட் மிஷினின் ஒயரில் தொங்கிய இரண்டு பேட்களை ஒட்டினார். இரண்டும் வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்குக் கீழே விழுந்தன.

"மாப்பிள்ளை வர்ற வழியில எண்ணெய ஊத்தி வெச்சிருக்கீங்களே தம்பி. அவரு எப்புடி வருவாரு?"

"எந்த மாப்ளக்கா?"

சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு, முட்டிக்கு மேலே உள்பக்கத் தொடையை விரலால் தொட்டார். "இந்தா இவருதான். வூட்டு மாப்பிள்ளை. முட்டியில ஒரு சண்டைன்னா மொதல்ல செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புறவரு. சுத்தி இருக்குற மத்தவங்கல்லாம் கொஞ்ச நாள்ல சமாதானம் ஆயிடுவாங்க. இவரு மட்டும் முறுக்கிக்கிட்டே இருப்பாரு. பத்திரிகை வெச்சு முறையா கூப்பிட்டாத்தான் வருவாரு."

"அப்ப இந்தக் கரெண்டு?"

"அதாங்க பத்திரிகை."

நான் உடனே தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டு போனை எடுத்தேன். வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் உடம்பெல்லாம் பேட் வைத்த சட்டை போட்டுக்கொண்டு நிற்க, தசைகள் தாமாகத் துள்ளுகிற வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தேன். கரெண்ட் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்யும், நான் பாட்டுக்கு சினிமா பார்க்கலாம் என்பது என் திட்டம். விஞ்ஞானம் கடைசியில் என்னைப் போன்றவர்களுக்காகவும் யோசிக்க ஆரம்பித்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

"போனையும் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க" என்றார் அக்கா.

குமிழை ஒவ்வொரு அரிசி அளவாக, அரிசி அரிசியாகத் திருகினார். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்புகள் சங்கம் சேர்ந்தன. பிறகு, நான் ஒன்றும் செய்யாமலே, முட்டிச் சில்லு மேல்நோக்கி ஒரு துள்ளு துள்ளியது. நான் அலறியதில் கடைப் பையன் இன்னொரு டீயோடு ஓடிவந்தான்.

"வந்துட்டாரு!" என்றார் அக்கா. முகத்தில் பெண்வீட்டார் சந்தோஷம். உடனே என்னைத் திட்டவும் செய்தார். "அவரு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. நீங்க உள்ளயே சாஞ்சிக்கிட்டு இருந்தா எப்புடி? எழுந்து போய் வாங்கன்னு சொல்ல வேணாமா? கரெண்டு தூக்கும்போது நீங்களும் தூக்குங்க. சேந்து தூக்குனாத்தான் அவரு தங்குவாரு. இல்லன்னா காபிய குடிச்சிட்டுக் கெளம்பிடுவாரு."

ஆக, கரெண்ட் வைத்தும் வேலை என் தலையில்தான் விழுந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் நானும் சேர்ந்து முக்கினேன். முடித்ததும் அவர் மிஷினைச் சட்டென்று அணைக்கவில்லை. அதே அரிசி அரிசியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அணைத்துவிடுங்களேன் என்றேன்.

"பட்டுன்னு கதவ சாத்துனா மறுபடி வருவாரா? வந்தவரத் தெருமுனை வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வரணுங்க."

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்த உடம்பைப் பார்த்தாலும் அவருக்கு இதே பேச்சுதான். ஒருநாள் ஏதோ வேலையாகப் பெரம்பலூர் போனபோது அவரோடு ஒரே பஸ்ஸில் போனேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லவங்க உங்க கெண்டைக்கால். ஒரு வார்த்த முணுமுணுக்காம நிக்குறாங்க. நடுவுல அவங்கள கொஞ்சம் உக்கார வைங்க சார்" என்றார். பாதிக் கிழவராகிவிட்ட மனிதர், தன் காலைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவர் கேட்டதே இல்லைபோல. அன்றிலிருந்து அக்காவுக்கு முன்வாசல் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார்.

என்னை அழைத்துப்போக ஒருநாள் எங்கள் கேப்டன் கலியபெருமாள் வந்தான். கட்டிலில் என் தொடை துள்ளுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஏக்கா, இந்தச் சோம்பேறிக்கே இப்புடித் துள்ளுதுன்னா எங்களுக்கெல்லாம் வெச்சா?"

அக்கா முதலில் மறுத்தார். அவன் விடவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் முழுப் பயிற்சியும் முடித்துவிட்டு வந்தால் மட்டும் வைப்பதாகச் சொன்னார். "இது ஊறுகா மாதிரிங்க. சோறு நீங்க மைதானத்துல சாப்புட்டு வரணும். ஊறுகாயவே அள்ளித் திங்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏறி வருகிறவனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிகிற தடியர்கள், ஒரு பெண்பிள்ளை முன்னால் தொடையைக் காட்டக் கூச்சப்பட்டு, துண்டைக் கல்யாணப்பெண் முந்தானை போலப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "நான் உங்கள பாக்கலீங்க, அவங்களத்தான் பாக்குறேன்" என்று அக்கா துண்டை நகர்த்துவார். பேட் ஒட்டியதும் கரெண்ட் வரும்போது பாதி உட்கார வேண்டும், போகும்போது எழ வேண்டும். மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து எழுவார்கள், பாட்டில்லாத பஜனை போல.

மிஷினில் எண் தெரிகிற இடத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஆம்பளைங்களுக்கு நம்பர காட்டக் கூடாதுங்க. பக்கத்துல இருக்குறவன விட ஒண்ணு கூடுதலா வெக்கச் சொல்லுவாங்க" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரிந்தது.

அப்படி ஒரு ஞாயிறில்தான் கலியபெருமாள், மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன், அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"ஏக்கா, நீங்களே உங்க காலுக்கு வெச்சிக்கலாம்ல?"

நான் என் நல்ல காலால் அவனை உதைத்தேன். அக்கா முகம் மாறவில்லை. அவனுடைய பேட்டைச் சரியாக அழுத்திக்கொண்டே சொன்னார்.

"தசைக்கு நரம்புதானே தம்பி ரோடு. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்து இவரு வூட்டுக்குப் போற ரோட்டையே பேத்துட்டுப் போயிடுச்சு. பத்திரிகைய யாரு கொண்டு போய்க் குடுக்குறது?"

அதன்பின் அன்று எல்லோரும் ரொம்ப ஒழுங்காக உட்கார்ந்து எழுந்தார்கள்.

ஆனால் எங்கள் ஒழுங்கு நீடிக்கிற ஒழுங்கு இல்லை. கீழப்பழுவூரில் ஒரு போட்டி. அதற்கு முந்தைய வாரம் அக்கா சொந்தக்காரர் வளைகாப்புக்காகப் பெரம்பலூரிலேயே தங்கிவிட்டார். கலியபெருமாள் இருக்கப் பொறுக்காமல் ஆன்லைனில் ஒரு மிஷின் வாங்கிவிட்டான். அதில் எண் பளிச்சென்று சிவப்பில் எரிந்தது. பிளாஸ்திரி இல்லை.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம், டீமின் தகர ஷெட்டில் உட்கார்ந்து பேட்டை ஒட்டினார்கள். அவ்வளவுதான். ஒருவன் இருபது என்றால் அடுத்தவன் இருபத்தைந்து. "உன் பொண்டாட்டி அடிக்கிறதே இதவிட ஓங்கி இருக்குமேடா, ஏத்துடா" என்று உற்சாகம். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஒன்றும் இல்லையே என்று சிரித்தபடி ஏற்றிக்கொண்டே போனார்கள்.

புத்திசாலியான நான் தொடைப்பக்கமே போகவில்லை. மிஷின் வந்த பெட்டியின்மேல் வயிற்றில் படிக்கட்டுப் போலத் தசை வைத்திருந்த ஒருவனின் படம் இருந்தது. கார்னரில் நின்று நின்று எனக்கு வளர்ந்திருந்த வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஒரே சாயங்காலத்தில் அது படிக்கட்டாகிவிட்டால் மனைவியிடம் காட்டலாமே என்று பேட்டை அங்கே ஒட்டிக்கொண்டேன்.

மறுநாள் கீழப்பழுவூரில் எங்கள் டாட்டா ஏஸ் வண்டி நின்றது. நான் போனது ஆட இல்லை, வேடிக்கை பார்க்க. யாரும் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. கலியபெருமாள் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அடுத்த காலைத் தேடினான். மற்றவர்களை ஊர்க்காரர்கள் சிமெண்ட் மூட்டை இறக்குவது போல இறக்கினார்கள். நடுவர் எங்கள் நடையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஊர்ல ஏதும் துக்கமாங்க? வேணும்னா ஆட்டத்தத் தள்ளி வெச்சிக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வயிறு விடவில்லை. வயிற்றுக்குள் யாரோ கடப்பாரை போட்டார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தே பிழைத்தவனுக்குச் சிரிப்பைப் பிடுங்கிவிட்டால் என்ன மிச்சம்? அதைத் தெரிந்துகொண்ட பாவிகள், தோற்றுத் திரும்புகிற வழி முழுக்க எனக்கு ஜோக் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

சேதி கேட்ட அக்கா எல்லோரையும் வரச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகச் சுவரோரம் சாய்ந்து நின்றோம். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"வெக்கப்படாதீங்க. சதை ரொம்ப அடிபட்டா ரத்தத்துல கலந்து கிட்னியப் புடிச்சிக்கும். டீத்தண்ணி கலர்ல போச்சுன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். கலியபெருமாளு?"

"மஞ்சளாத்தான்க்கா."

"எந்த மஞ்சள்?"

"மோர்க்கொழம்பு மஞ்சள்க்கா."

எல்லோரையும் விசாரித்து, டீ நிறம் யாருக்கும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். குடம் நிறையத் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொன்னார். நாங்கள் குடித்து முடித்ததும், "கூப்புட்டா வர்றவங்கதானே. கழுத்துல துண்டு போட்டு இழுத்துக்கிட்டு வந்துருக்கீங்களே" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் தொடைகளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்போம்.

அந்த மிஷின் அதற்கப்புறம் கலியபெருமாள் வீட்டுப் பரணில் ஏறியது. நான் மட்டும் என் மாப்பிள்ளையோடு அக்காவிடம் போய்க்கொண்டே இருந்தேன். கரெண்டோடு உட்காருவது, கரெண்டோடு படி ஏறுவது, பிறகு கரெண்ட் இல்லாமல் அதையே செய்வது. ஒருநாள் பேட் ஒட்டாமலே, "சும்மா கூப்பிட்டுப் பாருங்க" என்றார். கூப்பிட்டேன். முட்டிச் சில்லு தானாக மேலே போனது. "இனிமே இவருக்குப் பத்திரிகை வேணாம். வூட்டாளு ஆயிட்டாரு" என்றார் அக்கா. மனைவியிடம் காட்டுவதற்காக, அரியலூரிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் அதை ஆட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

பங்குனியில் செலக்‌ஷன் வந்தது. கம்பெனி மைதானத்தில் எனக்கு எதிரே பாடிவந்தவன் என்னைவிடப் பத்து வயது இளையவன், குதிரைக்குட்டி போல இருந்தான். அவன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் பயத்தில் என் இடது தொடையை ஒரு தட்டுத் தட்டி, "வாங்க" என்றேன். பக்கத்தில் நின்றவன் தன்னை எதற்கு மரியாதையாகக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தான். அதற்குள் குட்டியின் கணுக்கால் என் கைக்கு வந்துவிட்டது. அவன் இழுத்தான். முன்பு என்றால் முட்டி உள்பக்கம் மடிந்திருக்கும். மாப்பிள்ளை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். அசையவில்லை. மற்றவர்கள் வந்து விழுந்து அமுக்கினார்கள். அடுத்தடுத்த தடவையும் அவன் என் பக்கம்தான் வந்தான், நான் விடவில்லை.

திங்கட்கிழமை சர்ட்டிபிகேட்டோடு ஆபீஸுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் சொன்னதும் மனைவி அழுதாள், பிறகு ஒரு தாம்பாளத்தைத் துலக்கினாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, ஒரு பெட்டி லட்டு. "அந்த அக்காகிட்ட வெறுங்கையோட போவாதீங்க. மாப்ளய அழைச்சிக் குடுத்தவங்க" என்றாள்.

நான் போனது மதிய நேரம். நோயாளிகள் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காலால் தள்ளித் திறந்தேன், இடது காலால், கொஞ்சம் பெருமையாகவே.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சூம்பிய காலை நீட்டி வைத்திருந்தார். அதில் இரண்டு பேட். மிஷினில் பிளாஸ்திரியை உரித்திருந்தார். கீழப்பழுவூர் போட்டிக்கு முதல் நாள் எங்கள் ஷெட்டில் எந்தத் தடியனும் தொடாத எண் எரிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்திருந்தார். நெற்றியில் வேர்வை. கால் மட்டும், மெலிந்த ஒரு குழந்தை தூங்குவது போல, அசையாமல் கிடந்தது.

என்னைப் பார்த்து அவர் காலை மூடவில்லை.

"வாங்க" என்றார், ஒரு தடவை.

"வலிக்குதாக்கா?"

"வலி மட்டும் தவறாம வந்துடுவாரு. அவரு வர்ற ரோடு வேற. அது நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் எதுக்குக்கா?"

அவர் காலில் இருந்த பேட்டை விரலால் அழுத்திவிட்டார். "வர மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கும் பத்திரிகை வெக்கிறதில்லையா? வெக்கலன்னா அது ஒரு கொறையா போயிடும்ல."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான், கோமாளி வேலை. அதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்குமா என்று தெரியவில்லை. தாம்பாளத்தைக் கொண்டுபோய் அந்தக் காலுக்கு முன்னால் வைத்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சித்திரைக்குப் பிறகு இவ்வளவு தூரம் மடங்காத முட்டி முழுதாக மடங்கியது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெரியவர் குரலில் ஆரம்பித்தேன்.

"மாப்ள, பழசையெல்லாம் மனசுல வெச்சிக்கக் கூடாது. ஆயிரம் இருந்தாலும் நம்ம வூட்டு விசேஷம். எனக்குக் கம்பெனி டீம்ல எடம் கெடச்சிருக்கு. நீங்க குடும்பத்தோட வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். வரலன்னா நான் சாப்புட மாட்டேன். இந்த லட்ட மட்டும் சாப்புடுவேன்."

அக்கா சிரித்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டாங்கக்கா."

"ரோடு இருந்தா இவரும் வந்துருப்பாருங்க" என்றார் காலைக் காட்டி. "நல்ல மனுசந்தான்."

இப்போது அந்த அறையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர் இன்னும் உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறார். எனக்கு அந்த மதியத்தில் நினைவில் நிற்பது கடைசியாக அவர் செய்ததுதான்.

மிஷினை அணைத்துவிடலாமே, யாரும் வரவில்லையே என்று நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளினார். குமிழைப் பிடித்து, என் தொடைக்குச் செய்வது போலவே, அரிசி அரிசியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். எண் இறங்க இறங்க அவருடைய தாடை தளர்ந்தது. அவசரமே இல்லை. வராதவரையும் தெருமுனை வரைக்கும் கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் அக்கா லட்டுப் பெட்டியைத் திறந்தார்.